மீண்டும் ஜேஇஇ எழுதுவதா, கிடைக்கிற இடத்தில் சேர்வதா: இராமநாதபுரம் கடற்கரைப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஜூன் 14 வரை 61 நாட்கள் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் படகுகள் கரையில்தான் நிற்கும். என்.ஐ.டி. போன்ற மத்தியப் பொறியியல் நிறுவனங்களில் சேர்வதற்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வின் இரண்டாம் அமர்வு முடிவும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. வீட்டுக்கு வரும்படி நின்றுபோய், 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்தை எதிர்பார்த்து இருக்கிற நேரத்தில்தான், "இன்னொரு வருசம் படிச்சுப் பார்க்கட்டுமா?" என்ற கேள்வியைப் பிள்ளை வீட்டில் எழுப்புகிறது. பணம் இல்லை என்பதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடுகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் முகம் வாடுவதைப் பொறுக்க முடியாமல் நகையை அடகு வைத்துச் சரி என்று சொல்லிவிடுகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு முடிவுகளுமே, பிள்ளை எந்த இடத்தில் எதனால் மதிப்பெண்ணை இழந்தது என்பதைப் பார்க்காமல் எடுக்கப்பட்டவை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன் என்ற முறையில், ஒவ்வொரு கோடையிலும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களோடு நான் போட்டுப் பார்க்கிற கணக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'மறுபடி எழுதுவது' என்பதில் இரண்டு வகை உண்டு. ஜனவரியில் ஒரு முறையும் ஏப்ரலில் ஒரு முறையும் நடக்கிற ஜேஇஇ மெயினில், இரண்டில் எது கூடுதலோ அந்த மதிப்பெண்ணையே தேசியத் தேர்வு முகமை எடுத்துக்கொள்கிறது. எனவே ஜனவரியில் சரியாகச் செய்யாத பிள்ளை ஏப்ரலில் எழுதுவதால் ஆண்டு எதுவும் வீணாவதில்லை. அதைத் தயங்காமல் எழுதலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில், மார்ச் மாதத்தில், பிளஸ் டூ பொதுத்தேர்வு இருக்கிறது. ஜனவரி மதிப்பெண் மிகவும் கீழே இருந்தால், பிப்ரவரியையும் மார்ச்சையும் முழுவதும் பொதுத்தேர்வுக்குக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் தேர்வை மிச்சம் இருக்கிற பலத்தில் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையைத் தீர்மானிப்பது பொதுத்தேர்வு மதிப்பெண்தானே தவிர ஜேஇஇ அன்று. இங்கே நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போடுகிற கட்-ஆஃப்பை வைத்துத்தான் கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும், காரைக்குடி, மதுரைப் பொறியியல் கல்லூரிகளிலும் இடம் ஒதுக்குகிறார்கள்.

ஓர் ஆண்டை முழுவதும் ஒதுக்கி ஜேஇஇயை மறுபடி எழுதுவதுதான் இரண்டாவது வகை. இதைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. "ஒரு வருசம் நல்லாப் படிச்சா அண்ணா யுனிவர்சிட்டியாவது கிடைக்கும்ல சார்?" என்று கேட்கிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். கிடைக்காது. ஜேஇஇயில் எவ்வளவு எடுத்தாலும் பொதுத்தேர்வுக் கட்-ஆஃப்பில் அரை மதிப்பெண்கூட ஏறாது. அடுத்த ஆண்டு கலந்தாய்வுக்கு அதே பழைய கட்-ஆஃப்பை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே இந்த மறுமுயற்சி என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி., ஐ.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களின் இடத்துக்காக மட்டுமே. கையில் இருக்கிற ஓர் இடத்தை விட்டுவிட்டு அங்கே ஓர் இடத்தைத் தேடிப் போகிறோம் என்ற தெளிவோடு, இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கையில் இருப்பது எது? நம் மாவட்டத்திலேயே புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. காரைக்குடியில் 1952இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதே ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடக்கிற பி.டெக். படிப்புக்கும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு வழியாகவே சேரலாம். மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மறுபக்கத்தில், திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. காரைக்காலில் இருக்கிற என்.ஐ.டி. நமக்குப் பக்கம் என்றாலும் அது புதுச்சேரிக்குரியது என்பதால், அங்கே நம் பிள்ளைகள் வெளிமாநில ஒதுக்கீட்டில்தான் போட்டியிட முடியும். திருச்சியிலும் காஞ்சிபுரத்திலும் இருக்கிற ஐ.ஐ.ஐ.டி.களில் மாநில ஒதுக்கீடே கிடையாது. மத்திய நிறுவனங்களுக்கான கூட்டுக் கலந்தாய்வை நடத்துகிற ஜோசாவின் தளத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் முந்தைய ஆண்டுகளின் தொடக்க, இறுதித் தரவரிசை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுத் தளத்திலும் முந்தைய ஆண்டுக் கட்-ஆஃப் சமூக வாரியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதிப் பார்த்தால், பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது.

இதில் என் தீர்ப்பு என்னவென்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கிண்டி, குரோம்பேட்டை, தியாகராசர், காரைக்குடி போன்ற ஒரு கல்லூரியில் விரும்பிய பிரிவு கிடைக்கிற கட்-ஆஃப் வைத்திருக்கிற பிள்ளை, எங்கோ தொலைவில் இருக்கிற ஒரு என்.ஐ.டி.யில் விரும்பாத ஒரு பிரிவுக்காக ஓர் ஆண்டைக் கொடுப்பது நியாயமான வியாபாரம் அன்று. ஆனால், கட்-ஆஃப் குறைந்துபோய், இடங்கள் நிரம்பாமல் கிடக்கிற, ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிற ஒரு கல்லூரிதான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கிற பிள்ளைக்கு, அந்த ஓர் ஆண்டு நான்கு ஆண்டுகளின் தரத்தையே மாற்றக்கூடும். அப்படி மாறுமா என்பதை ஆசையை வைத்துச் சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்கு எந்த விடையைக் குறித்தது என்று காட்டுகிற பிள்ளையின் விடைப் பதிவைப் பார்த்தால் சொல்லலாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தபோது, பாம்பனிலிருந்து ஒருவர் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். "சார், பாப்பாவுக்கு இன்னொரு வருசம் குடுத்தா எந்திரிச்சிருவாளா?" என்று நேரடியாகக் கேட்டார். பதில் எதுவும் சொல்லாமல், தேர்வு முகமை தளத்திலிருந்து அவளுடைய விடைப் பதிவை அச்செடுத்து வரச் சொன்னேன். மறுநாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து, எழுபத்தைந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, 'இது ஏன் போனது?' என்று அவளையே சொல்ல வைத்து, ஒரு நோட்டில் பத்தி பிரித்துக் குறித்தோம்.

நாற்பத்தெட்டுக் கேள்விகளுக்கு விடையளித்திருந்தாள். இருபத்தாறு சரி, இருபத்திரண்டு தவறு. சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில் 104இலிருந்து 22 போக, 300க்கு 82. இது வரை எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நாங்கள் மேற்கொண்டு பார்த்தது அந்த இருபத்திரண்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை. ஒன்பது, கூட்டல் கழித்தல் குறியிலோ அலகிலோ கை தவறியவை. ஆறு, கருத்தையே பிழையாகப் புரிந்துகொண்டிருந்தவை. உராய்வு விசையின் திசையை எப்போதும் இயக்கத்துக்கு எதிராகவே போடுகிற பழக்கம் அவற்றில் ஒன்று. மிச்சம் ஏழு, படிக்கவே படிக்காத பாடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தவை. தொடாமல் விட்ட இருபத்தேழில் எட்டு நேரம் போதாமல் விட்டவை. பத்தொன்பது, அந்தப் பாடமே தெரியாததால் விட்டவை. அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அங்கே பிளஸ் ஒன் பாடங்களை வேகமாக ஓட்டிவிட்டு, கட்-ஆஃப்புக்குரிய பிளஸ் டூ பாடங்களில்தான் ஊன்றி நின்றிருந்தார்கள். சுழல் இயக்கமும் வெப்ப இயக்கவியலும் அவளுக்குப் பெயரளவில்தான் தெரியும். ஆக எழுபத்தைந்தில் இருபத்தாறு கேள்விகள், இரண்டு ஆண்டுகளில் அவளிடம் ஒழுங்காக வந்தே சேராத பாடங்களிலிருந்து வந்தவை.

ஓர் ஆண்டு சரிசெய்யக்கூடியது இத்தகைய இழப்பைத்தான். தெரியாத பாடத்தை ஓர் ஆண்டில் தெரிந்துகொள்ளலாம். அதற்கு வேண்டியது நேரம், அது அவளுக்குக் கிடைக்காமல் போயிருந்தது. "எழுதலாம் அண்ணே, ஆனா ஒரு வருசம் மட்டும்தான்" என்று அவள் அப்பாவிடம் சொன்னேன்.

அதே கோடையில், கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பையனும் வந்தான். பள்ளியோடு சேர்த்தே ஜேஇஇ பயிற்சி தருகிற ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்தவன். 300க்கு ஜனவரியில் 96, ஏப்ரலில் 99. அவனுடைய விடைப் பதிவையும் அதே போலப் பிரித்தோம். படிக்காத பாடம் என்று ஒன்றுகூட இல்லை. தவறுகள் எல்லாப் பாடங்களிலும் சீராகச் சிதறிக் கிடந்தன. நல்ல ஆசிரியர்களிடம், போதுமான நேரத்தோடு, நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரித் தேர்வுகளை எழுதிய பிறகு வந்த மதிப்பெண் அது. மூன்றாவது ஆண்டும் அதையே படித்தால் கொஞ்சம் ஏறும். அவன் அப்பா நினைத்த அளவுக்கு ஏறாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவனுடைய கட்-ஆஃப் 191. அவன் அப்பாவுக்கு வருத்தம்தான். பையன் முகத்தில் மட்டும் ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன். அவன் காரைக்குடியில் சேர்ந்தான்.

இந்த இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால், கூடுதலாக எடுத்த பையனைத்தான் எல்லோரும் மறுபடி எழுதச் சொல்லியிருப்பார்கள். 'இன்னும் கொஞ்சம்தானே' என்று சொல்லத் தோன்றும். மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டிலும் எதனால் குறைந்தது என்பதே முடிவுக்கு அடிப்படையாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். படிக்காமல் ஊர் சுற்றியதால் குறைந்த மதிப்பெண்ணும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இன்னோர் ஆண்டு கொடுப்பதற்கு முன், ஏன் படிக்கவில்லை என்பதைக் கோபப்படாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். பொறியியலே பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்தது மொழி. ஜேஇஇ மெயினைத் தமிழிலேயே எழுதலாம். 2021ஆம் ஆண்டிலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஐ.ஐ.டி.க்கான அட்வான்ஸ்டு தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை ஐ.ஐ.டி.யை இலக்காக வைத்து ஓர் ஆண்டு எடுத்தால், பாடத்தோடு சேர்த்து ஆங்கிலக் கலைச்சொற்களையும் அந்த ஆண்டுக்குள் பழகியாக வேண்டும். முடியாத காரியம் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கிவிட்டு மே மாதத்தில் வினாத்தாளைப் பார்த்துத் திகைக்கக் கூடாது. என்.ஐ.டி. மட்டும் போதும் என்றால் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே எழுதலாம்.

எத்தனை முறை எழுதலாம் என்பதிலும் கவனம் வேண்டும். ஜேஇஇ மெயினைப் பிளஸ் டூ முடிக்கிற ஆண்டிலும் அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு அப்படி இல்லை: அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறை, அவ்வளவுதான். 2024 நவம்பரில் அதை மூன்றாக்கி அறிவித்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள்ளேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால்தான் அட்வான்ஸ்டு எழுத முடியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு முறைக்கு மேல் ஆண்டை ஒதுக்குவதால் ஐ.ஐ.டி.க்கு எந்தப் பயனும் இல்லை என்பது விளங்கும். 'ரெண்டு வருசம் உட்கார்ந்து படிச்சா' என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த ஒரு விதியே பதில்.

பணத்துக்கு வருவோம். இங்கே நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவரவர் படித்த பள்ளியைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2021இல் வந்த சட்டப்படி பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. அப்படிச் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு நல்ல கல்லூரி கிடைக்கிற பிள்ளை, அதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் பயிற்சி மையத்துக்குப் போவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் அந்தக் காரணம் இருந்ததில்லை. ஆனால் நம் கடற்கரை ஊர்களில் தேவாலயங்களும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்துகிற உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அவற்றில் படிக்கிற மீனவர் வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளிப் பிள்ளையைப் போலவே ஏழையாக இருந்தாலும் இந்த ஒதுக்கீட்டுக்குள் வருவதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கல்விக் கட்டணத்தில் அவர்களுக்கு இருக்கிற முக்கியமான பிடிப்பு, குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கிறவருக்குத் தருகிற முதல் பட்டதாரிச் சலுகை. அதுவும் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்.

மத்திய நிறுவனம் என்றதும் செலவை நினைத்துப் பயந்து ஒதுங்குகிற பெற்றோரும் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி.களிலும் என்.ஐ.டி.களிலும் பட்டியலினத்து, பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கிற குடும்பத்துக்கும் முழு விலக்கு. ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. இடம் கிடைத்துவிட்டால் கட்டணம் பெரிய தடையாக இருப்பதில்லை. இடம் கிடைப்பதற்கு முன் செலவாகிற அந்த ஓர் ஆண்டுதான் வீட்டை அழுத்துகிறது. இதோடு ஒரு சான்றிதழ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய நிறுவனங்களுக்கு நம் மாநிலத்து பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று செல்லாது. கிரீமி லேயரில், அதாவது வசதி மிகுந்த பிரிவில், வராதவர் என்று குறிப்பிடுகிற ஓ.பி.சி. சான்று வேண்டும், அதுவும் அந்தந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். போன ஆண்டு வாங்கியது போதும் என்று இருந்துவிட்டு, ஜோசா கலந்தாய்வு நடக்கிற வாரத்தில் இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

ஆண்டை எங்கே கழிப்பது? மதுரையிலோ சென்னையிலோ விடுதியோடு கூடிய பயிற்சி மையம் என்றால் லட்சக்கணக்கில் ஆகும். வீட்டிலிருந்தே படிப்பதென்றால் பாடத்துக்கு வழி இருக்கிறது: என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை இலவசமாகத் தரவிறக்கலாம், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் எல்லாம் தேர்வு முகமை தளத்தில் கிடைக்கின்றன, கான்பூர் ஐ.ஐ.டி.யும் மத்தியக் கல்வி அமைச்சகமும் நடத்துகிற 'சாத்தி' தளம் இலவசம். பாடத்தைக் காட்டிலும் வீட்டுச் சூழல்தான் கடினம். கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற பையனை, ஆள் குறைகிற நாளில் 'இன்னைக்கு ஒரு நாள் வாடா' என்று கடலுக்குக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நாள் வாரத்துக்கு இரண்டு நாளாக வளரும். பெண் பிள்ளை என்றால் உறவினர் மத்தியில் கல்யாணப் பேச்சு எழும். அதைத் தடுத்து நிறுத்துகிற உறுதி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மின்சாரமும் இணையமும் அடிக்கடி நின்றுபோகும். ஜனவரித் தேர்வுக்கு மிக முக்கியமான மாதங்கள் அவைதான். வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளை இதை முன்கூட்டியே எண்ணி, செப்டம்பருக்குள் காணொளிகளையும் வினாத்தாள்களையும் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதலாமே என்ற நடுவழியைப் பலர் விரும்புகிறார்கள். ஆண்டு வீணாகாது என்பது அதன் கவர்ச்சி. நான் அதை எல்லோருக்கும் சொல்வதில்லை. முதல் பருவத்தின் தேர்வும் ஜேஇஇயின் ஜனவரி அமர்வும் ஏறக்குறைய அடுத்தடுத்து வந்து மோதுகின்றன. வருகைப் பதிவு, ஆய்வகக் குறிப்பேடு, உள்மதிப்பீடு என்று வகுப்பு இழுக்கிற நேரத்தில், தெரியாத பாடங்களைப் புதிதாகப் படிக்க முடியாது. பாம்பன் மாணவியைப் போலப் பாதிப் பாடம் தெரியாத பிள்ளைக்கு இந்த வழி சரிப்படாது. முதல் பருவத்தில் அரியர் விழுந்து, ஜேஇஇயும் ஏறாமல் நிற்பார்கள். பாடம் முழுவதும் தெரிந்து, தேர்வு நாளில் காய்ச்சலோ பதற்றமோ வந்து மயிரிழையில் இடத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு மட்டும் இது பொருந்தும்.

ஜேஇஇ ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். பொறியியலின் மூன்றாம் ஆண்டிலிருந்தே, முதுநிலைப் பொறியியலுக்கான கேட் தேர்வு எழுதலாம். அதில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். சேர்ந்து மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்துகிற தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கலாம். கப்பல் பொறியியலில் ஆசை இருக்கிற பிள்ளைக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு தனியாக இருக்கிறது. கடலை அறிந்த நம் பிள்ளைகள் அதை இன்னும் அதிகமாக எழுதலாம் என்பது என் ஆசை. இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியில் படித்த அப்துல் கலாம், திருச்சியில் இயற்பியல் பட்டப்படிப்பை முடித்த பிறகே பொறியியல்தான் தன் துறை என்று உணர்ந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார். கட்டணத்துக்கு அவருடைய அக்கா ஜொகராதான் தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இதை நான் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடப் பெற்றோருக்கே அதிகம் சொல்கிறேன்: அந்த நகை அடகுக்குப் போனது, இடம் கையில் கிடைத்த பிறகு.

ஆண்டை ஒதுக்குவதென்று முடிவெடுத்த வீட்டில், தொடங்குவதற்கு முன்பே சிலவற்றைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். பாம்பன் மாணவியின் வீட்டில் நாங்கள் பேசியது இதுதான்: ஒரே ஆண்டு, நவம்பர் முதல் வாரத்தில் முழு மாதிரித் தேர்வு ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுத வேண்டும், அதில் 130க்குக் கீழே வந்தால் ஜேஇஇ மேல் இருக்கிற நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு, பழைய கட்-ஆஃப்பான 183க்குக் கிடைக்கிற இடத்தில் அடுத்த ஆண்டு சேரத் தயாராக வேண்டும், அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னது அவள் அம்மா. அதிகாலையில் பாசி எடுக்கப் போய்விட்டு வந்து, கை ஈரம்கூட உலராமல் உட்கார்ந்திருந்தவர்.

மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் படித்தாள். மதியத்தில் அங்கே உட்கார முடியாது என்பதால் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுவாள். சனிக்கிழமைதோறும் தீராத சந்தேகங்களை நோட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் வருவாள். நவம்பர் மாதிரித் தேர்வில் 134. ஜனவரியில் 148. ஏப்ரலில் ஐம்பத்தைந்து கேள்விகளுக்கு விடையளித்து, நாற்பத்து மூன்று சரி, பன்னிரண்டு தவறு, மொத்தம் 160.

முடிவு வந்த பிறகு, அதே திண்ணையில், அதே நோட்டில் பக்கத்தைத் திருப்பிப் பழையபடி பத்தி பிரித்தோம். படிக்காத பாடத்தால் போனவை இருபத்தாறிலிருந்து நான்காகக் குறைந்திருந்தன. கருத்துப் பிழை ஆறிலிருந்து மூன்று. கை தவறியவை மட்டும் ஒன்பதிலிருந்து எட்டு. ஓர் ஆண்டு முழுவதும் படித்தும் அது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அவள் அந்த எட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திருச்சி என்.ஐ.டி. கிடைக்கவில்லை. காரைக்கால் என்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் கிடைத்தது. 183க்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிகளோடு அதையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டோம். அவள் காரைக்காலைத் தேர்ந்தெடுத்தாள். படகு கடலுக்குப் போகத் தொடங்கியிருந்த ஜூன் கடைசியில், சேர்க்கைக் கடிதத்தைக் காட்ட அவள் அப்பா வந்தார். தூரம் எவ்வளவு, பஸ் எங்கே மாற வேண்டும் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "அதுவும் கடற்கரைதான சார், நமக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.